ரீபூட் இல்லாமல் விஎம் மெமரி: கூட்டுவது எளிது, திரும்ப வாங்குவதுதான் பாடு

கேவிஎம் (லினக்ஸ் கர்னலின் மெய்நிகராக்க வசதி), லிப்வர்ட் (அதை நிர்வகிக்கும் மென்பொருள்) இரண்டிலும் ஓடும் லினக்ஸ் விஎம்களின் (மெய்நிகர் கணினிகளின்) மெமரியை நிறுத்தாமல் மாற்ற மூன்று வழிகள் உண்டு: பலூன், டிம் ஹாட்பிளக், விர்ட்டியோ-மெம். நீண்ட நாள் பயன்பாட்டில் மூன்றின் குணமும் தெரிந்துவிடும். புது விஎம் என்றால் யோசிக்காமல் விர்ட்டியோ-மெம் வையுங்கள்.

பலூன் என்பது விஎம்முக்குள் ஒரு டிரைவர் மெமரியைப் பிடித்து, ஹோஸ்ட்டுக்கு (விஎம் ஓடும் நிஜ சர்வருக்கு) விட்டுக்கொடுப்பது. அதற்கு 'விர்ஷ் செட்மெம்' என்ற ஒரு கட்டளை போதும். ஆனால் பூட் ஆகும்போது கொடுத்த அளவுக்கு மேல் அது போகாது. அதனால் பலர் 32 ஜிபி கொடுத்துவிட்டு, பலூனை ஊதி 8 ஜிபிக்கு இறக்கி வைக்கிறார்கள். ஒவ்வொரு 4 கேபி பக்கத்துக்கும் கர்னல் 64 பைட் கணக்கு வைக்கிறது. 32 ஜிபிக்கு அது 512 எம்பி. மிச்சமிருக்கும் 8 ஜிபியிலிருந்துதான் அது போகிறது. கெஸ்ட் (விஎம்முக்குள் ஓடும் சிஸ்டம்) ரீபூட் ஆனால், பலூன் டிரைவர் எழும்வரை முழு 32 ஜிபியும் அதன் கையில். பாஸ்த்ரூ கார்டு (ஹோஸ்ட்டின் ஹார்டுவேரை நேரடியாகக் கொடுப்பது) மாட்டிய விஎம்மில் நிலைமை இன்னும் மோசம்: மெமரி முழுவதும் பூட்டப்பட்டிருப்பதால், கெஸ்ட்டில் குறைந்ததாகக் காட்டினாலும் ஹோஸ்ட்டுக்கு எதுவும் திரும்பாது.

டிம் ஹாட்பிளக் என்பது ஓடும் விஎம்மில் மெய்நிகர் மெமரி கார்டை (டிம்) மாட்டுவது. அதில் கூட்டுவது சுத்தமாக நடக்கும். ஸ்லாட்டுகளோடு அதிகபட்ச மெமரியையும், கெஸ்ட்டுக்கு ஒரு நூமா செல்லையும் (சிபியு, மெமரி சேர்ந்த ஒரு தொகுப்பு) முன்பே எழுதியிருக்க வேண்டும். ஓடும் விஎம்மில் அவற்றைச் சேர்க்க வழியில்லை. சேர்த்த மெமரி கெஸ்ட்டில் தெரியவில்லையா? 'எல்எஸ்மெம்' போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஆஃப்லைனில் கிடக்கும். கழற்றும்போதுதான் தலைவலி. நகர்த்த முடியாத ஒரே ஒரு கர்னல் பக்கம் உள்ளே இருந்தாலும் அந்த டிம் முழுவதும் வராது. எல்லாவற்றையும் 'மூவபிள்' ஆக (நகர்த்தக்கூடிய பக்கங்களுக்கு மட்டுமான பகுதியாக) ஆன்லைன் செய்தால் தீரும் என்று தோன்றும். ஆனால் பேஜ் டேபிள், ஸ்லாப் போன்ற கர்னலின் சொந்தத் தரவுகள் அந்தப் பகுதிக்குள் நுழைய முடியாது. 4 ஜிபி விஎம்மில் 28 ஜிபியை அப்படிச் சேர்த்தால், காலி மெமரி நிறைய இருக்கும்போதே ஓஓஎம் கில்லர் (மெமரி தீர்ந்தால் புராசஸைக் கொல்லும் கர்னல் வசதி) ஆளை அடிக்கும். மூவபிள் மூன்று, சாதாரண மெமரி ஒன்று என்ற விகிதத்தைத் தாண்டாதீர்கள்.

விர்ட்டியோ-மெம் என்பது ஓடும்போதே அளவை மாற்றக்கூடிய ஒரு மெய்நிகர் மெமரி டிவைஸ். அதற்குக் கெஸ்ட்டில் லினக்ஸ் 5.8, ஹோஸ்ட்டில் லிப்வர்ட் 7.9 தேவை. நூமா செல்லும் அதிகபட்ச அளவும் இதற்கும் முன்பே வேண்டும். அடிப்படை 8 ஜிபி, டிவைஸ் 24 ஜிபி என்று வைத்து, 'விர்ஷ் அப்டேட்-மெமரி-டிவைஸ்' கட்டளையில் கேட்கும் அளவை மட்டும் மாற்றினால் போதும். சின்னச் சின்னத் துண்டுகளாகப் போய் வருவதால், முழுதாகக் குறையாவிட்டாலும் முடிந்தவரை திரும்பக் கிடைக்கும். விஎம்மின் எக்ஸ்எம்எல் அமைப்பில் 'ரிக்வெஸ்டட்', 'கரன்ட்' என்ற இரண்டு எண்களையும் பாருங்கள். கட்டளை வெற்றி என்பது கேட்டாயிற்று என்பதற்குத்தான் சாட்சி. கிடைத்ததைச் சொல்வது 'கரன்ட்'.

உள்ளே ஓடும் மென்பொருளுக்கும் செய்தி போக வேண்டும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் ஷேர்டு பஃபர்ஸ் (அதன் மெமரி கேஷ்) ரீஸ்டார்ட் இல்லாமல் மாறாது. ஜாவாவின் ஹீப் (நிரலின் தரவு மெமரி) உச்சவரம்பும் அப்படியே. மைஎஸ்கியூஎல் 5.7 முதல் பஃபர் பூலை (அதன் மெமரி கேஷ்) ஓடும்போதே மாற்றலாம்: கூட்டும்போது மெமரி முதலில், பூல் பிறகு, குறைக்கும்போது பூல் முதலில். குறைக்குமுன் கெஸ்ட்டின் மெம்இன்ஃபோவில் (மெமரிக் கணக்குக் கோப்பில்) 'ஃப்ரீ' அல்ல, 'அவைலபிள்' எண்ணைப் பாருங்கள். 2 ஜிபியாக இறக்கி, 'கரன்ட்' வந்து சேர்ந்த பிறகே அடுத்த 2 ஜிபியைத் தொடுங்கள்.