பத்தா, பதினொன்றா, மின்ட்டா?

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10ஐ மைக்ரோசாஃப்ட் கைகழுவிவிட்டது. கணினிகள் அன்றோடு நின்றுவிடவில்லை. இலவசமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள்தான் நின்றன. 2015 ஜூலையில் வந்த அந்த அமைப்பிலேயே சௌகரியமாக இருந்தவர்களுக்கு இப்போது மூன்று வழிகள்: நீட்டித்த திருத்தங்களைப் பெற்றுக்கொண்டு பத்திலேயே இருக்கலாம், விண்டோஸ் 11க்குப் போகலாம், விண்டோஸுக்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டுக்கு மாறலாம். மூன்றிலும் எரிச்சல் உண்டு. எதைப் பொறுத்துக்கொள்ள முடியும் என்பது அவரவர் வேலையைப் பொறுத்தது.

பத்தில் தங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுப் பயனர்களுக்கான நீட்டிப்பு 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவித்தார்கள். 30 டாலர் கட்டலாம். கணினியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கச் சம்மதித்தால் பணம் வேண்டாம். பணமே கட்டினாலும் நம் நாட்டில் அந்தக் கணக்கு இல்லாமல் பதிவு செய்ய முடியாது. கணக்கு தொடங்கப் பிடிக்காமல்தான் பலர் பத்தைவிட்டு நகராமல் இருந்தார்கள். அவர்களையும் பின்வாசல் வழியாகப் பிடித்தாயிற்று. புதிய கணினிக்குப் பணம் சேர்ப்பவருக்கு இந்தத் தவணை உதவும். மற்றவர்களுக்குத் தலைவலி தள்ளிப்போகிறது, அவ்வளவுதான்.

பதினொன்றின் மேல் உள்ள கோபம் வாசலிலேயே தொடங்குகிறது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, தொடங்கும்போதே நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட், 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம் வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் குறையாத செயலியும் வேண்டும். வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி போட்டுச் சுறுசுறுப்பாக ஓடிக்கொண்டிருக்கும் ஏழாம் தலைமுறை மடிக்கணினிக்கு அனுமதி இல்லை. ஆனால் விதிவிலக்காகச் சேர்க்கப்பட்ட சில செயலிகளில் ஏழாம் தலைமுறையின் 7820எச்க்யூவும் ஒன்று. மைக்ரோசாஃப்டே விற்ற சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2இல் இருந்தது அதுதான். ஊருக்கு ஒரு நியாயம், தனக்கு ஒரு நியாயம்! விண்டோஸின் உள் அமைப்புகள் கிடக்கும் ரெஜிஸ்ட்ரியில் கைவைத்து நிறுவும் குறுக்குவழிகள் உண்டு. அப்படி நிறுவிய கணினிக்குத் தொடர்ந்து திருத்தங்கள் வரும் என்று யாரும் உறுதி தருவதில்லை.

உள்ளே நுழைந்தவர்களின் கோபம் வேறு. ஒரு கோப்பின் மேல் வலச் சொடுக்கு செய்து பாருங்கள். சுருக்கமான பட்டியல் ஒன்று விரியும். வழக்கமாகக் கை தேடிப்போகும் கட்டளை பல நேரம் அதில் இருக்காது. அடியில் 'மேலும் விருப்பங்களைக் காட்டு' என்று ஒரு வரி. அதை அழுத்தினால் பத்தில் பார்த்த அதே நீளப் பட்டியல் வருகிறது. பழையதை நீக்கவும் இல்லை, கைக்கெட்டும் இடத்தில் வைக்கவும் இல்லை. ஷிஃப்டை அழுத்தியபடி சொடுக்கினால் நேராக அங்கே போய்விடலாம். இதை யாராவது சொன்னால்தான் தெரியும்.

திரையின் அடியில் இருக்கும் பணிப்பட்டையும் அப்படியே. 2021 அக்டோபரில் பதினொன்று வெளிவந்தபோது அந்தப் பட்டையைத் திரையின் பக்கவாட்டுக்கு நகர்த்த முடியவில்லை. திறந்திருக்கும் சாளரங்களைத் தனித்தனியாகப் பெயரோடு காட்டவும் முடியவில்லை. இரண்டாவது வசதி 2023இல்தான் திரும்பியது. நடுவில் போய் உட்கார்ந்த தொடக்கப் பொத்தானையாவது அமைப்புகளில் போய் இடப்பக்கம் கொண்டுவந்துவிடலாம். நியாயமாகச் சொன்னால், கோப்புலாவியில் வந்த தாவல்களும், திரையைப் பங்கிட்டுச் சாளரங்களை அடுக்கும் ஏற்பாடும் நல்லவை. தகுதியுள்ள கணினி இருந்து, ஒரு மாலை நேரத்தை அமைப்புகளோடு மல்லுக்கட்டச் செலவிட முடிந்தால் பதினொன்று பழகிவிடும்.

மின்ட் 22, இன்னொரு லினக்ஸ் வகையான உபுண்டு 24.04ஐ அடிப்படையாகக் கொண்டது. 2029 வரை திருத்தங்கள் உண்டு. 4 ஜிபி நினைவகத்தில் ஓடும். இடப்பக்க மூலையில் மெனு, கீழே பட்டை என்று விண்டோஸ் 7 காலத்துக் கைகளுக்கு அந்நியமாகத் தோன்றாது. வேலைக்கு நடுவே 'மறுதொடக்கம் செய்கிறேன்' என்று அது உங்களை முந்திக்கொள்வதில்லை. தமிழ்99 தட்டச்சுக்கும் குறையில்லை. ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியும் அதற்கான எம்17என் தொகுப்பும் நிறுவினால் போதும்.

ஆனால் மின்ட்டைப் புகழ்பவர்கள் சிலவற்றை மெதுவாகத்தான் சொல்வார்கள். கணக்கு மென்பொருளான டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. ஜிஎஸ்டி தாக்கலுக்கான டிஜிட்டல் கையொப்ப டோக்கனை லினக்ஸில் வேலை செய்யவைப்பது எளிதல்ல. நம் ஊர்க் கடைகளில் எங்கும் காணப்படும் கேனான் எல்பிபி2900 அச்சுப்பொறி லினக்ஸில் பொறுமையைச் சோதிக்கும். வானவில், பாமினி எழுத்துருக்களில் கிடக்கும் பழைய கோப்புகளை எழுத்துருவை நகலெடுத்துப் படித்துவிடலாம். அவற்றில் தட்டச்சு செய்துவந்த பழைய மென்பொருள்கள் கூடவே வரமாட்டா. வேர்டில் அட்டவணைகளோடு கட்டிய ஆவணம் அதன் இலவச மாற்றான லிப்ரெஆஃபிஸில் கொஞ்சம் கலைந்துதான் திறக்கும்.

ஆகவே கணக்காளருக்கும் அச்சகத்துக்கும் பதினொன்றுதான், முனகிக்கொண்டாவது. இணையம், கடிதம், மின்னஞ்சல், வீடியோ என்பதோடு நிற்கும் வீட்டில், பதினொன்று திருப்பி அனுப்பிய மடிக்கணினி நன்றாக ஓடும்போது புதியது வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது, மின்ட்டைப் போடுங்கள். வட்டில் நிறுவும் முன் பென்டிரைவிலிருந்தே அதை இயக்கிப் பார்க்கலாம். அங்கேயே வைஃபை இணைகிறதா, அச்சுப்பொறி தாளைத் தள்ளுகிறதா, ஸ்பீக்கரில் ஒலி வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். மூன்றில் ஒன்று முரண்டு பிடித்தாலும் வட்டைத் தொடாதீர்கள்.