படகுப் பட்டறையில் பழைய போல்ட்டைக் கேட்டு வாங்குங்கள்

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் பழைய பாய்மரப் படகை மலிவாக வாங்கிவிட்டு, அதன் அடியில் துருவைப் பார்த்துத் திகைத்து நிற்பவர்கள் பட்டறைக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் 11,400 டாலர் கட்டிய பிறகுதான் இதையெல்லாம் கற்றுக்கொண்டேன்.

என் படகு 30 அடி நீளம், 1973-இல் கட்டியது. 6,500 டாலருக்குக் கிடைத்தது. அந்த விலையைக் கேட்டதும் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம்தான் வந்தது.

முதலில் சிக்கியது கழிப்பறைக் கதவு. இழுத்தால் வராது, தள்ளினால் மூடாது. மரம் ஈரத்தில் உப்பியிருக்கிறது என்று நினைத்து ஓரத்தைச் சீவிவிட்டேன். அடுத்து, பாய்மரத்தைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் கம்பிகள் தளர்ந்தன. எத்தனை முறை முறுக்கினாலும் இரண்டு வாரத்தில் மறுபடி தொளதொளவென்று ஆகிவிடும். இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்பது எனக்கு அப்போது தெரியாது. இந்தப் படகில் பாய்மரம் மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கி, அடிப்பள்ளத்தில் உள்ள ஓர் இரும்புச் சட்டத்தின் மேல் நிற்கிறது. பாய்மரம் அலுமினியம், சட்டம் இரும்பு, இரண்டுக்கும் நடுவே உப்புத் தண்ணீர். அரிப்புக்கு வேறென்ன வேண்டும்? சட்டம் செதில் செதிலாக உரிந்து நொறுங்க, பாய்மரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே அமிழ்ந்துகொண்டிருந்தது. அதோடு கம்பிகள் தளர்ந்தன, கதவின் நிலையும் கோணியது.

அதே பள்ளத்தில்தான் கீல் போல்ட்டுகளும் இருக்கின்றன. படகின் அடியில் துடுப்புபோல நீண்டு தொங்கும் ஈயக் கனம்தான் கீல். என் படகில் அது ஏறக்குறைய 1,800 கிலோ. காற்றில் படகு சாயும்போது கவிழாமல் நிமிர்த்துவது அதுதான். அதைப் படகோடு சேர்த்துப் பிடித்திருப்பவை ஏழு போல்ட்டுகள். துருப்பிடிக்காத எஃகு என்று பெயர். ஆனால் அந்தப் பெயர் காற்றுப் படும் இடத்தில்தான் செல்லும். அந்த எஃகைக் காப்பது அதன் மேல் தானாகப் படியும் மெல்லிய படலம். அது நிலைப்பதற்கு ஆக்சிஜன் வேண்டும். கீலும் படகும் சேரும் இடுக்கில் தண்ணீர் புகுந்து அசையாமல் தேங்கினால் படலம் அழியும், போல்ட் இடுப்பில் இளைக்கத் தொடங்கும். மேலே நட்டு பளபளவென்று இருக்கும். கீழே நடப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. இந்த வேலையில் ஏமாற்றுவது சுலபமாக இருப்பதும் அதனால்தான்.

பட்டறையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. வழக்கு நிலுவையில் இருக்கிறது. மேலாளர் கனிவாகப் பேசினார். படகின் வயதைக் கேட்டுவிட்டு, "இதைப்போல நிறையப் பார்த்திருக்கிறோம், கவலைப்படாதீர்கள்" என்றார். பாதிப் பணம் முன்பணம். மூன்று வாரத்தில் பாய்மரத்தைக் கழற்றி, இரும்புச் சட்டத்தை வெட்டியெடுத்துவிட்டு ஃபைபர்கிளாஸ் சட்டம் வைப்பதாகவும், கீலை இறக்கி ஏழு போல்ட்டுகளையும் மாற்றுவதாகவும் எழுதிக் கொடுத்தார்.

வார நாள்களில் எனக்கு அலுவலகம். நேரில் போன இரண்டு சனிக்கிழமைகளிலும் பட்டறையில் ஆள் இல்லை, படகின் மேல் தார்ப்பாய் மூடியிருந்தது. மூன்று வாரம் ஏழு வாரமானது. வேலை தாமதமானதற்கு நாள் வாடகையும் என் தலையில்தான்: 15 நாளுக்குப் பின் தினம் 60 டாலர். கீலை இறக்கிய படம் அனுப்புங்கள் என்று கேட்டேன், ஒரு படம் வந்தது. தரையில் ஒரு கீல், அதன் தலையில் புத்தம் புதிய போல்ட்டுகள். மகிழ்ந்துபோய் நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன். அந்தக் கீலில் நீல வண்ணம் பூசியிருந்தது. என் படகின் அடி சிவப்பு. இது எனக்கு ஐந்து மாதம் கழித்துத்தான் உறைத்தது.

கடைசியில் போய்ப் பார்த்தபோது அடிப்பள்ளம் முழுக்க வெள்ளை வண்ணம், கல்யாண வீடுபோல. பழைய போல்ட்டுகள் எங்கே என்று கேட்டேன். பழைய இரும்புக்குப் போட்டாகிவிட்டதாம். மனதில் ஏதோ நெருடியது. ஆனால் பாக்கியைக் கட்டினால்தான் படகு தண்ணீரில் இறங்கும் என்றார்கள், வாடகையோ ஏறிக்கொண்டே இருந்தது. கட்டிவிட்டேன்.

கோடையில் இந்த விரிகுடாவில் பிற்பகல் காற்று 20 நாட் (மணிக்கு சுமார் 37 கி.மீ.) வேகத்துக்கு மேல் அடிப்பது சர்வ சாதாரணம். ஏஞ்சல் தீவுக்கு அருகே அப்படி ஒரு காற்றில் போய் வந்த மாலை, உள்ளே தண்ணீர் தேங்கியிருந்தது. நாக்கில் தொட்டுப் பார்த்தேன், உப்பு. வெள்ளை வண்ணத்தின் மேல் பழுப்பு நிறத்தில் கண்ணீர்க் கோடுகள். ஃபைபர்கிளாஸ் துருப்பிடிக்குமா? மறுநாள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருந்த பிள்ளையார் காந்தத்தை எடுத்துப்போய்ப் புதுச் சட்டத்தின் மேல் வைத்தேன். ஒட்டிக்கொண்டது. பழைய இரும்பைக் கொஞ்சம் சுரண்டி, மேலே எபாக்சிப் பசையை ஊற்றி, வண்ணம் அடித்திருக்கிறார்கள்.

வேறொரு பட்டறையில் படகைக் கரையேற்றி, கட்டணம் கொடுத்து, படகுகளைப் பரிசோதிக்கும் ஒரு சர்வேயரை வரவழைத்தேன். அதிகம் பேசாத கிழவர். கீலும் படகும் சேரும் கோட்டில் முன்பக்கம் விரிந்திருந்த வெடிப்பைக் காட்டி, "இதைத் திறக்கவே இல்லை" என்றார். கீலைப் பிரிக்க வேண்டுமானால் பழைய பசையை அறுத்து, படகைத் தூக்கி, கீலைத் தனியே நிறுத்த வேண்டும். என் ரசீதில் தூக்குவண்டிக் கட்டணம் இரண்டே முறை: ஏற்றியதற்கு ஒன்று, இறக்கியதற்கு ஒன்று. இதை நானே படித்திருக்கலாம், மொத்தத் தொகையை மட்டும் பார்த்துப் பெருமூச்சு விட்டிருந்தேன். பிறகு அவர் நட்டுகளை, முறுக்கும் விசையை அளந்து காட்டும் சாவியால் ஒவ்வொன்றாக முறுக்கினார். நான்காவது நட்டு போல்ட்டோடு முறிந்து கையோடு வந்துவிட்டது. புது நட்டு, புது வாஷர், 50 வயதுப் போல்ட். மேலே கட்டைவிரல் கனம், முறிந்த இடத்தில் பென்சில் கனம். உடுக்கையைப்போல இருந்தது.

பணம் போனதைவிட இதுதான் என்னை உறங்கவிடவில்லை. 2014 மே மாதம், ஆன்டிகுவாவிலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த சீக்கி ரஃபிகி என்ற படகின் கீல் அட்லாண்டிக்கில் பிரிந்தது. கவிழ்ந்த படகைக் கண்டுபிடித்தார்கள். அதில் வந்த நான்கு பேரும் திரும்பவில்லை. முன்பு தரைதட்டியதும் அதற்குப் பின் செய்த பழுதுபார்ப்பும் சேர்ந்து அடிப்பகுதியைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்று விசாரணை அறிக்கை சொன்னது. நான் இந்தப் படகில் கோடை முழுவதும் என் பத்து வயது மகளை அழைத்துக்கொண்டு போய் வந்திருக்கிறேன்.

சரியான வேலை எப்படி நடக்கும் என்பதை இரண்டாவது பட்டறையில் பார்த்தேன். ஈயத்துக்குள் வார்த்துவிட்ட போல்ட்டை உருவ முடியாது. அதனால் பழையதன் பக்கத்தில் புதிதாகத் துளையிட்டு, கீலின் பக்கவாட்டில் ஈயத்தைச் செதுக்கி ஒரு சன்னல் திறந்து, அதன் வழியே அடியில் நட்டு வைத்து முறுக்குகிறார்கள். எனக்கு வெண்கலப் போல்ட்டுகள் போட்டார்கள். இரும்புச் சட்டத்தை முழுதாக வெட்டியெடுத்தார்கள். பாய்மரத்தின் அரிபட்ட நுனியில் ஓர் அங்குலத்தை அறுத்துவிட்டு, அந்த அளவுக்குப் புதுச் சட்டத்தை உயர்த்தினார்கள். தண்ணீர் தேங்காமல் ஓட வடிகால் துளையும் வைத்தார்கள். கழிப்பறைக் கதவு இப்போது ஒரு விரலால் தள்ளினாலே மூடுகிறது. நான் சீவிய இடத்தில் மட்டும் இடைவெளி.

இப்போது யாராவது என்னிடம் கேட்டால், கழற்றிய பழைய போல்ட்டுகளை உங்களிடமே ஒப்படைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள் என்பேன். கீலைத் திறக்கும் நாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு போய் நில்லுங்கள். முடியாவிட்டால், படகும் அடையாள எண்ணும் தெரியும்படி படம் கேளுங்கள். 1972 நவம்பர் முதல் அமெரிக்காவில் கட்டிய படகுகளின் பின்பலகையில் அந்த எண் இருக்கும். உள்ளே இருப்பதை நீங்கள் பார்க்கும் வரை யாரும் வண்ணம் பூசக் கூடாது, அடுத்த தவணையும் கிடையாது. இதற்குச் சம்மதிக்காத பட்டறையிலிருந்து அன்றைக்கே படகை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

கலிஃபோர்னியாவின் சிறுவழக்கு நீதிமன்றத்தில் தனிநபர் 12,500 டாலர் வரை கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. மனு கொடுத்திருக்கிறேன். வேலை தொழில் வழக்கப்படி நடந்தது என்று பட்டறை பதில் எழுதியிருக்கிறது. அடுத்த மாதம் விசாரணை. உடுக்கைப் போல்ட்டும் நீலக் கீலின் படமும் ஒரு பையில் தயாராக இருக்கின்றன, இரும்புச் சட்டத்தின் துண்டு காரில் கிடக்கிறது. பிள்ளையார் காந்தத்தையும் எடுத்துப் போகிறேன், நீதிபதியே வைத்துப் பார்க்கட்டும்.