மாணவர் வலைப்பூ: வகுப்பில் 7 ஆண்டுகள் பயன்படுத்திய அனுபவம்

"செடி வெளிச்சத்தின் பக்கம் வளைந்தது." ஒளிச்சார்பசைவு சோதனைக்கு ஒரு மாணவி வலைப்பூவில் எழுதிய முதல் பதிவு இந்த ஒரு வரிதான். கீழே வகுப்புத் தோழன் ஒருவன் பின்னூட்டம் போட்டிருந்தான்: "எவ்வளவு வளைந்தது? எதை வைத்து அளந்தாய்?" அவளிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் தண்டின் பின்னால் கோணமானியைப் பிடித்து எடுத்த படமும், 6 நாள் கோணங்களை வரிசையாக எழுதிய அட்டவணையும் பதிவில் வந்தன.

இதே கேள்வியை ஆய்வகக் குறிப்பேடுகளின் ஓரத்தில் நான் எத்தனையோ முறை சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். பக்கத்து பெஞ்சுப் பையன் கேட்டால் மட்டும் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று தோன்றிவிடுகிறது. 2018-இல் தொடங்கிய வலைப்பூவை இன்றுவரை விடாமல் வைத்திருப்பதற்கு இதுதான் காரணம்.

ஆனால் பின்னூட்டம் தானாக இப்படி அமைந்துவிடாது. முதல் சில மாதங்கள் எல்லாப் பதிவுகளுக்கும் கீழே 'சூப்பர்', 'அருமை' மட்டுமே வந்துகொண்டிருந்தன. அப்புறம் ஒரு விதி வைத்தேன். பதிவிலிருந்து ஒரு வரியை எடுத்துப் போட வேண்டும், அந்த வரியைப் பற்றி ஒரு கேள்வி கேட்க வேண்டும். நல்ல பின்னூட்டம் எப்படி இருக்கும் என்று வகுப்பில் திரையில் காட்டி, 2 வாரம் சேர்ந்தே எழுதிப் பழகினோம். புதிதாகத் தொடங்கும் ஆசிரியர்கள் கருவியைத் தேடுவதில் செலவழிக்கும் நேரத்தில் பாதியை இந்தப் பயிற்சிக்குக் கொடுத்தால் போதும் என்பேன்.

தொடக்கத்தில் ஆளுக்கொரு வலைப்பூ வைத்திருந்தோம். 30-க்கும் மேற்பட்ட தளங்களைத் தினமும் திறந்து பார்க்க முடியாது. பல தளங்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் ஊட்டத் திரட்டியில் சேர்த்து வைத்தும் சமாளிக்க முடியவில்லை. இரண்டாம் வருடம் ஒரே வகுப்பு வலைப்பூவுக்கு மாறினோம். வலைப்பூ நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸில் 'பங்களிப்பாளர்' (Contributor) நிலை கொடுத்தால் மாணவர் எழுதலாம், ஆனால் வெளியிட முடியாது. நான் பார்த்த பிறகே பதிவு வெளியே போகும். ஒரு சிக்கல், அந்த நிலையில் படம் ஏற்ற முடியாது. 'எழுத்தாளர்' (Author) நிலை கொடுத்தால் படம் ஏற்றலாம், ஆனால் அவர்களே வெளியிட்டும் விடலாம். அறிவியல் பதிவுக்குப் படம் இல்லாமல் ஆகாது. அதனால் வாரத்துக்கு இரண்டு பேரைப் படப் பொறுப்பாளர்களாக வைத்து, அவர்களுக்கு மட்டும் உயர்ந்த நிலை கொடுத்தேன். மற்றவர்களின் படங்களைச் சரிபார்த்து ஏற்றும் வேலையை அவர்கள் என்னைவிடக் கவனமாகவே செய்தார்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. முழுப் பெயர் கிடையாது, முகம் தெரியும் படம் கிடையாது, பள்ளியின் பெயரும் கிடையாது. பல பேர் கவனிக்காத ஒன்று உண்டு: கைப்பேசியில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் விவரமும் இருக்கலாம். வீட்டு ஜன்னலோரச் செடியின் படம் வீட்டு முகவரியைச் சொல்லிவிடும். ஏற்றுவதற்கு முன் அதை நீக்குவது படப் பொறுப்பாளரின் முதல் வேலை. இணையத்தில் கிடைத்த படத்தை எடுத்துப் போடும் பழக்கத்தையும் நிறுத்தினோம். உரிமத்தோடு எவரும் பயன்படுத்தக்கூடிய படங்கள் இருக்கும் விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் தேடி, படைப்பாளர் பெயரையும் உரிமத்தையும் கீழே எழுதக் கற்றுக்கொண்டார்கள்.

வரைவுகளைக் கூகுள் டாக்ஸில் எழுதச் சொல்கிறேன், எப்போது எதை மாற்றினார்கள் என்று காட்டும் அதன் பதிப்பு வரலாற்றுக்காகத்தான். வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவன், மதிப்பெண்ணும் நடுத்தரம்தான். அவனுடைய வரைவின் வரலாற்றைத் திறந்தால், முதல் வாக்கியத்தை மட்டும் 9 முறை மாற்றியிருக்கிறான். 'வெப்பம் ஏறியதால்' என்பது 'வெப்பம் ஏறியபோது' ஆகி, மறுபடி 'ஏறியதால்' ஆகி, கடைசியில் 'ஏறியபோது' என்றே நின்றிருந்தது. காரணம் எது, உடன்நிகழ்வு எது என்று அவன் தனியாக உட்கார்ந்து யோசித்திருக்கிறான். முடிந்த பதிவை மட்டும் படித்திருந்தால் இது என் கண்ணில் பட்டே இருக்காது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, வழுவழுப்பான பதிவுகள் வரத் தொடங்கின. செயற்கை நுண்ணறிவு எழுதியதா என்று கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பி ஒரு பிள்ளையைக் குற்றவாளி ஆக்க எனக்கு மனம் வரவில்லை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. முதல் வரைவை வகுப்பிலேயே கையால் எழுத வைத்தேன். பதிவில் அவர்களே எடுத்த அளவீடு ஒன்றாவது இருக்க வேண்டும் என்றேன். சந்தேகம் வந்தால் பக்கத்தில் உட்காரவைத்து, "இந்த எண் எப்படி வந்தது?" என்று கேட்பேன். சோதனையைச் செய்த பிள்ளை தயங்காமல் சொல்லிவிடும்.

மற்ற கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேகத்துக்குப் புள்ளி தரும் வினாடி வினாக்களை விட்டுவிட்டேன். நிதானமாக யோசிக்கும் பிள்ளைகள் அதில் சுருங்கிப் போகிறார்கள். கணினி இல்லாத வீடுகளும் உண்டு, அதனால் கைப்பேசியில் செய்ய முடியாத எதையும் வீட்டுப்பாடமாகக் கொடுப்பதில்லை. திருத்தும் சுமையைப் பொறுத்தவரை, வாரம் ஒரு பதிவு என்பது எங்களுக்குச் சரிவரவில்லை. இப்போது இரண்டு வாரத்துக்கு ஒன்று, அதிலும் ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒரு பங்கைத்தான் ஆழமாகப் படிக்கிறேன்.

ஒரு இழப்பை மட்டும் சொல்லியாக வேண்டும். எங்கள் முதல் வலைப்பூக்களை வைத்திருந்த சேவை மூடப்படுவதாக அறிவிப்பு வந்தது. ஏற்றுமதிப் பொத்தானை அழுத்தி, வந்த எக்ஸ்எம்எல் கோப்புகளைப் பத்திரப்படுத்திவிட்டு நிம்மதியாக இருந்தேன். பல மாதம் கழித்துத் திறந்தபோதுதான் தெரிந்தது, அவற்றில் எழுத்தும் பின்னூட்டங்களும் இருக்கின்றன, படங்களுக்கு வெறும் இணைப்புகள்தான். இணைப்புகள் போய்ச் சேரும் தளம் அதற்குள் இல்லாமல் போயிருந்தது. இப்போது ஒவ்வொரு பருவ முடிவிலும் படக் கோப்புறையைத் தனியாக இறக்கி, பதிவுகளைப் பிடிஎஃப் ஆக்கி, ஆளுக்கொரு பிரதி கையில் கொடுத்துவிடுகிறேன்.

போன வருடம் அந்தக் கோணமானி மாணவி கேட்டு எழுதியிருந்தாள், கல்லூரியில் காட்டப் பழைய பதிவு வேண்டுமாம். அட்டவணையையும் அந்தப் பையனின் கேள்வியையும் அனுப்பினேன். படம் என்னிடம் இல்லை.