பரம்பரைப் பித்தளைக் கடிகாரம்: பாலிஷா, புதுப் பூச்சா, அப்படியே விடுவதா?

தாத்தாவின் பித்தளைக் கடிகாரம் என் கைக்கு வந்தபோது முழுக்கப் பழுப்பேறி, மூலைகளில் கிட்டத்தட்டக் கறுத்தே போயிருந்தது. மேலே கைப்பிடி, நாலு பக்கமும் கண்ணாடி வைத்த சின்னப் பெட்டிக் கடிகாரம். பார்த்தவர்கள் எல்லாரும் நன்றாகத் தேய்த்துப் பளபளவென்று வைக்கச் சொன்னார்கள். நான் தேய்க்கவில்லை. ஏன் என்பதை, இதே மாதிரி ஒன்று கைக்கு வந்திருப்பவர்கள் பாலிஷ் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் படித்துவிட்டால் நல்லது என்று எழுதுகிறேன்.

வழிகள் மூன்று. ஒன்று, உலோகப் பாலிஷ் போட்டு மின்ன வைப்பது. இன்னொன்று, வேலை தெரிந்தவரிடம் கொடுத்து, பிரித்துச் சுத்தம் செய்து மேலே புதிதாக லேக்கர், அதாவது காற்று படாமல் காக்கும் மெல்லிய பூச்சு, அடித்து வாங்குவது. மூன்றாவது நான் செய்தது: தூசியை எடுத்து, மெல்லிசாக மெழுகு பூசி, நிறத்தை அப்படியே விட்டுவிடுவது.

பாலிஷின் வசதி எல்லாருக்கும் தெரிந்ததுதான். சுலபம், செலவு குறைவு, உடனே பலன் தெரியும். ஆனால் அந்த மினுமினுப்பு வருவதே மேற்பரப்பைத் தேய்த்து எடுப்பதால்தான். பாலிஷில் இருக்கும் நுண்ணிய தூள் கறுப்போடு சேர்த்துப் பித்தளையையும் கொஞ்சம் சீவிவிடும், காற்று பட்டதும் அது மறுபடி மங்கும், மறுபடி தேய்க்க வேண்டிவரும். இப்படியே பல வருஷம் தேய்பட்ட கடிகாரங்களில் விளிம்புகள் மழுங்கி, செதுக்கிய எழுத்துகள் வெறும் நிழலாக நிற்கும். எலுமிச்சை, வினிகர் மாதிரி புளிப்பான எதுவும் இன்னும் மோசம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது, அமிலம் துத்தநாகத்தை இழுத்துக்கொண்டு போனால் மேற்பரப்பு ரோஸ் கலந்த செம்பு நிறத்துக்கு மாறிவிடும்.

பித்தளையைச் சுத்தம் செய்ய ஊறப்போடும் அம்மோனியா கலந்த திரவங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படையின் பித்தளைத் தோட்டா உறைகள், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்தபோது தானாகவே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியாவும், உறையை இழுத்து வடிக்கும்போது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்துதான் காரணம் என்று 1921-இல் விளக்கினார்கள். பழைய கடிகாரத்திலும் தட்டி, வளைத்து, இழுத்துச் செய்த பித்தளைப் பாகங்கள் இருக்கின்றன. அந்தத் திரவத்தில் அவற்றை ஊறப்போட எனக்கு மனசு வரவில்லை.

பாலிஷ் போடுகிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காத இன்னொரு விஷயம், 19-ஆம் நூற்றாண்டுக் கடிகாரங்களில் பல வெறும் பித்தளையாகப் பட்டறையை விட்டு வரவில்லை. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு பூசியிருப்பார்கள், அல்லது தங்க முலாம் போட்டிருப்பார்கள். எங்கள் கடிகாரத்தின் கைப்பிடியைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தால், விரல் படாத அடிப்பக்கத்தில் அந்த அரக்கு இன்னும் தேன் நிறத்தில் இருக்கிறது. விரல் பட்டுப்பட்டுத் தேய்ந்த மேல்பக்கம் மட்டும்தான் கறுத்திருக்கிறது. ஒரே ஒரு தடவை பாலிஷ் போட்டால் போதும், கறுப்போடு சேர்ந்து அந்தத் தேன் நிறமும் போய்விடும். டயலில் எண்கள் இருக்கும் வெள்ளை வளையமும் அப்படித்தான். பல கடிகாரங்களில் அது பித்தளைமேல் தேய்த்து ஏற்றிய மிக மெல்லிய வெள்ளி, எண்களைச் செதுக்கிக் கறுப்பு மெழுகால் நிரப்பியிருப்பார்கள். பாலிஷ் துணி பட்டால் நிமிஷத்தில் உள்ளிருக்கும் மஞ்சள் தெரிய ஆரம்பித்துவிடும்.

சரி, மதிப்புக்கு வருவோம். என்னைப் பொறுத்தவரை முடிவு செய்தது இது ஒன்றுதான். நாளைக்கு இந்தக் கடிகாரத்தை விற்க நேர்ந்தால், பளபளப்பு வேண்டும் என்கிறவர் வாங்கிக்கொண்டுபோய் அவரே பாலிஷ் போட்டுக்கொள்ளலாம். பழைய மேற்பரப்பு வேண்டும் என்கிறவருக்கு, ஏற்கெனவே தேய்த்துவிட்ட கடிகாரத்தில் அதைத் திருப்பிக் கொடுக்க யாராலும் முடியாது. தேய்க்காத கடிகாரத்துக்கு இரண்டு பேரும் வருவார்கள், தேய்த்ததற்கு ஒருவர்தான் வருவார். அதோடு, பழைய பொருள் வாங்குகிறவர்களுக்கு அந்தப் பழுப்பு ஒரு சாட்சி. சட்டம், கைப்பிடி, கதவு, பின் தகடு எல்லாம் ஒரே மாதிரி நிறம் ஏறியிருந்தால் அவை ஆரம்பத்திலிருந்தே ஒன்றாக இருந்தவை என்று நம்பலாம். ஒரு பாகம் மட்டும் வேறு சாயலில் இருந்தால் அது நடுவில் மாற்றியதாக இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே மஞ்சளாகத் தேய்த்துவிட்டால் அந்தச் சாட்சி போச்சு. உண்மையிலேயே எதுவும் மாறாத கடிகாரமாக இருந்தாலும், வாங்குகிறவர் சந்தேகப்பட்டு விலையைக் குறைத்துத்தான் கேட்பார். பின் தகட்டில் இருக்கும் வரிசை எண், செய்தவரின் முத்திரை, உள்ளே பழுது பார்த்தவர்கள் ஊசியால் கீறி வைத்த தேதிகள், இவையும் இதே கணக்கில்தான் வரும்.

புது லேக்கர் அடிப்பதை நான் செய்து பார்த்ததில்லை, அடித்து வைத்த கடிகாரங்களைப் பார்த்ததோடு சரி. நன்றாகச் செய்தால் ரொம்ப வருஷம் மங்காது, அடிக்கடி தொட வேண்டியதும் இல்லை. ஆனால் எங்காவது ஒரு கீறல் விழுந்தால் அதன் வழியாகப் பூச்சுக்கு அடியில் கறுப்பு நூல் நூலாக ஊரும், அதைச் சரிசெய்ய முழுப் பூச்சையும் உரிக்க வேண்டும். பல தலைமுறை பாலிஷ் பட்டு, பழைய பூச்சு துளிகூட மிஞ்சாத கடிகாரத்துக்கு இது நியாயமான வழி என்றே நினைக்கிறேன். அங்கே காப்பாற்ற மேற்பரப்பு என்று ஒன்று இல்லை.

நான் செய்த வேலை இவ்வளவுதான். முதலில் எல்லாப் பக்கமும் போட்டோ. அப்புறம் கையுறை, ஏனென்றால் விரலில் இருக்கும் உப்பும் எண்ணெயும் பித்தளையில் ரேகையாகவே பதிந்துவிடும். மென்மையான ஓவியப் பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தேன். ஒரு மூலையில் மாவு மாதிரி பச்சைக் களிம்பு இருந்தது. அது விட்டால் பரவும் என்பதால் மரப் பல்குச்சியால் மெதுவாகச் சுரண்டினேன், உலோகம் எதுவும் கிட்டே போகவில்லை. கடைசியாக ரெனைசான்ஸ் வாக்ஸ், 1950-களில் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வகத்தில் உருவான மெழுகு, துணியில் பட்டும் படாமலும் எடுத்து வெளிச் சட்டத்தில் மட்டும் பூசித் துடைத்தேன். டயலைத் தொடவே இல்லை. பிடிக்காவிட்டால் பின்னால் கரைத்து எடுத்துவிடலாம் என்பதால்தான் மெழுகு. வைத்திருப்பது நேர் வெயிலும் ஈரமும் படாத அலமாரியில்.

இதில் குறை இல்லாமல் இல்லை. அறைக்குள் வருகிறவர் கண்ணில் முதலில் படும் பொருளாக அது இருக்காது, பரிசு கொடுக்க என்றால் பாலிஷ் போட்டதுதான் எடுபடும்.

உள்ளே இருக்கும் இயந்திரம் மட்டும் வேறு கதை, அங்கே அப்படியே விடுவது தப்பு. காய்ந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்து அரத்தூள் மாதிரி அச்சு முனைகளைத் தின்றுவிடும், அதனால் நின்று போய்க் கிடந்த கடிகாரத்துக்கு ஆசைப்பட்டுச் சாவி கொடுக்காமல் முதலில் கடிகார வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள். துரு பிடித்த திருகாணிக்கு அடிக்கும் டபிள்யூடி-40 ஸ்ப்ரேயை அடிக்காதீர்கள், அது கடிகார எண்ணெய் இல்லை, காய்ந்து பிசுபிசுக்கும். கொடுக்கும்போதே இரண்டு விஷயம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: வெளிப்பித்தளைக்குப் பாலிஷ் வேண்டாம், மாற்றிய பாகம் எதுவாக இருந்தாலும், உடைந்த திருகாணியாக இருந்தாலும், பழையதைப் பையில் போட்டுத் திருப்பித் தர வேண்டும். விற்கும்போது அந்தப் பையும் ரசீதும் கடிகாரத்தோடு சேர்ந்து போகட்டும்.