சாவியைக் கொடுத்துவிட்டால் கடன் முடிந்துவிடுமா?

வீட்டுக்கடன் தவணை கழுத்தை நெரிக்கும்போது பலர் சொல்வது இது: "சாவியை பேங்க்ல குடுத்துட்டு வந்துடறேன், அவங்களே வித்துக்கட்டும்." கலிஃபோர்னியாவில் இந்தப் பேச்சுக்கு ஓரளவு அர்த்தமுண்டு. குடியிருக்க வாங்கிய வீட்டின் கடனுக்காக அந்த வீட்டையே விற்றும் பணம் போதவில்லையென்றால், மிச்சத்தைக் கேட்டுக் கடன் வாங்கியவர் பின்னால் வங்கி வர அந்த மாநிலச் சட்டம் பெரும்பாலும் விடாது. நம் ஊரில் வீடு வெறும் ஈடுதான். கடன் உங்கள் தலையில்.

கைகழுவினால் என்ன நடக்கும்? 90 நாள் தவணை நின்றால் கணக்கு வாராக்கடன். அடுத்து, நீதிமன்றம் போகாமலே வங்கி ஈட்டை எடுத்து விற்க வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ். அதற்கும் அசையாவிட்டால், வீடு இனி வங்கி வசம் என்று கதவில் ஒரு தாள் ஒட்டுவார்கள். இரண்டு நாளிதழ்களில், ஒன்று தமிழில், உங்கள் பெயரும் கதவிலக்கமும் கடன் பாக்கியும் அச்சாகும். நகைக்கடை விளம்பரத்தைத் திருப்பினால் அந்தப் பக்கம். சொந்தக்காரர்கள் கண்ணில் படாமல் போகாது. பிறகு ஏலம்.

ஏலத்தில் எடுப்பவர், உள்ளே யார் குடியிருக்கிறார்கள், வழக்கு உண்டா என்றெல்லாம் யோசித்துக் குறைத்துத்தான் கேட்பார். 40 லட்சம் பாக்கி, சந்தையில் 45 லட்சம் போகும் ஃபிளாட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருடம் இழுத்தால் எட்டரை சதவீதத்தில் வட்டி மட்டும் 3.4 லட்சம் ஏறும். ஏலம் 36 லட்சத்தில் முடிந்தால் 7 லட்சத்துக்கு மேல் துண்டு விழும். அதை வசூலிக்க வங்கி நீதிமன்றம் போகலாம். 20 லட்சமோ அதற்கு மேலோ என்றால் கடன் மீட்புத் தீர்ப்பாயம். ஜாமீன் போட்ட மச்சானுக்கும் நோட்டீஸ் போகும். வீடு போய், கடன் நின்று, உறவும் கெடும்.

அதே ஃபிளாட்டை நீங்களே அவசரத்துக்கு 42 லட்சத்துக்குத் தள்ளிவிட்டால்? கடன் அடைந்து, புரோக்கர் கமிஷன் போகக் கையில் கொஞ்சம் நிற்கும். ஏறத்தாழ ஒன்பது லட்சம் வித்தியாசம், கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் மதிப்பெண் பெரிதாக அடிபடாமல். பத்திரம் வங்கியில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். பாக்கித் தொகைக் கடிதமும், அவர்களிடம் உள்ள ஆவணங்களின் பட்டியலும் எழுதி வாங்குங்கள். வாங்குபவரின் வங்கி நேராக உங்கள் வங்கிக்குப் பணம் கட்டிப் பத்திரத்தை எடுத்துக்கொள்ளும், தினமும் நடப்பதுதான். மாறும் வட்டிக் கடன் என்றால் முன்கூட்டி அடைக்க அபராதமும் இல்லை. சாவி கைக்கு வந்த நிதியாண்டு முடிந்து 5 வருடத்துக்குள் விற்றால், வருமான வரியின் 80சி பிரிவில் அசலுக்குப் பெற்ற வரிச்சலுகை திரும்ப வருமானத்தில் சேரும், அவ்வளவுதான்.

ஆனால் இதற்குக் கெடு உண்டு. அந்த 60 நாள் நோட்டீஸ் வந்தபின் வங்கியின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. ஏல அறிவிப்பு வெளியாகிவிட்டால், முழுப் பணத்தையும் கட்டி மீட்டுக்கொள்ளும் உரிமையும் போய்விடுகிறது. 2016-இல் சட்டத்தைத் திருத்தியதன் பலன் அது.

'ஓடிஎஸ்' என்று ஏஜென்ட்டுகள் ஆசை காட்டும் ஒரே தவணைத் தீர்வைப் பற்றி எனக்குப் பெரிய மதிப்பில்லை. நல்ல வீடு ஈடாக இருக்கும்போது வங்கி ஏன் அசலை விட்டுக்கொடுக்கும்? கொடுத்தாலும் மொத்தப் பணத்துக்கு எங்கே போவது? சிபிலில் 'செட்டில்டு', அதாவது முழுதாகக் கட்டாமல் பேசி முடித்தது, என்று வேறு விழும். அடுத்த கடனுக்குப் போய் உட்காரும்போது அது முதலில் கண்ணில் படும்.

தவணைக் காலத்தை நீட்டுவது? 40 லட்சத்தை 20 வருடத்திலிருந்து 30-க்கு மாற்றினால் மாதம் 34,700 ரூபாய் 30,750 ஆகும். நாலாயிரம்கூடக் குறையவில்லை, மொத்த வட்டியோ 43 லட்சத்திலிருந்து 70 லட்சத்தைத் தாண்டுகிறது. வேலை போய் ஆறு மாதத்தில் அடுத்தது கிடைக்கும் என்ற நிலையில் இருப்பவருக்கு இது உதவும். சம்பளமே நிரந்தரமாகக் குறைந்தவர் இதில் இறங்கினால், விற்க வேண்டிய வீட்டை இரண்டு வருடம் கழித்து விற்பார், இன்னும் மோசமான அவசரத்தில்.