ஆர்பிட்ரேட்டரை யார் போடுவது?

திருப்பூர் அவினாசி ரோட்டில் ஒரு தரைத்தளத்தை பனியன் ஷோரூமுக்காக லைசென்ஸ் (இடத்தைப் பயன்படுத்த அனுமதி மட்டும் தரும்) ஒப்பந்தத்தில் எடுத்தீர்கள், பிறகு காலியும் செய்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 20 லட்சம் அட்வான்ஸ் திரும்ப வரவில்லை. பெயின்ட், கரண்ட் பாக்கி என்று கட்டட உரிமையாளர் கழித்துக்கொண்டே போகிறார். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினால், தகராறு வந்தால் உரிமையாளர் நியமிக்கும் ஆர்பிட்ரேட்டர், அதாவது கோர்ட்டுக்கு வெளியே தகராறைத் தீர்க்கும் நடுவர், தீர்ப்பார் என்றிருக்கிறது. கையெழுத்துப் போடும்போது அந்தப் பக்கத்தை யார் படிக்கிறோம்?

"நம்ம ஆடிட்டரையே உக்கார வச்சுக்கலாமுங்க, எதுக்கு வீண் செலவு?" என்பார் உரிமையாளர். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் 1996ஆம் ஆண்டு ஆர்பிட்ரேஷன் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தப்படி, ஒரு தரப்போடு தொழில் தொடர்பு உள்ளவர் அந்த நாற்காலியில் உட்கார முடியாது. வழக்கின் முடிவில் நலன் உள்ளவர் தனியாக ஆர்பிட்ரேட்டரை நியமிக்கவும் கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தகராறு வந்தபின் இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால்தான் ஆடிட்டரின் நியமனம் செல்லும். சம்மதிக்காமல் போனால், ஒரு வருஷம் உட்கார்ந்து வாங்கிய தீர்ப்பு கோர்ட்டில் ரத்தாகலாம். மலிவு என்று நினைத்ததுதான் கடைசியில் அதிகச் செலவு வைக்கும்.

சங்கத்துப் பெரியவரை வைத்துப் பேசுவது நம் ஊர் வழக்கம். பல சமயம் அதிலேயே முடிந்தும் விடும். ஆனால் அவரை ஆர்பிட்ரேட்டராக ஏற்று எழுதிக் கையெழுத்துப் போடாதவரை, அவர் சொல்வது யோசனைதான். அதை வைத்துப் பணத்தை வசூலிக்க முடியாது.

என் ஓட்டு, இரு தரப்பும் சேர்ந்து ஒப்புக்கொள்ளும் ஒற்றை நபருக்குத்தான். வக்கீல் நோட்டீஸில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதிகள் மூன்று பேரின் பெயரைக் கொடுத்து, ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். எதிர்த்தரப்புக்கு 30 நாள் இருக்கிறது. விசாரணையைக் கோவையிலோ திருப்பூரிலோ வைத்துக்கொள்ளலாம். சட்டத்திலுள்ள மாதிரிக் கட்டண அட்டவணைப்படி 20 லட்சத்துக்கு ஒற்றை ஆர்பிட்ரேட்டரின் கட்டணம் ரூ.1,21,875; பாதிப் பாதி பிரித்தால் தலைக்குக் கிட்டத்தட்ட 61 ஆயிரம். தரப்புக்கு ஒருவர், பொதுவாக ஒருவர் என்று மூன்று பேர் போட்டால் அதே அட்டவணையில் ரூ.2,92,500. இந்தத் தொகைக்கு மூன்று பேர் தேவையே இல்லை.

முப்பது நாள் கழிந்தும் பதில் இல்லையா? அப்புறம் ஆர்பிட்ரேட்டரை நியமிக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தில்தான் மனுப் போட வேண்டும். கோவை, திருப்பூர், ஈரோட்டுக்காரர்கள் சேரன் எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னை போக வேண்டும். கரூர்க்காரர்களுக்கு மதுரைக் கிளை. 60 நாளில் மனுவை முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம்; நடைமுறையில் அதை நம்பித் தேதி குறிக்காதீர்கள். இதற்குள் இடைக்கால உத்தரவு வேண்டுமென்றால், அதை உள்ளூர் கோர்ட்டிலேயே கேட்கலாம். சென்னை மனுவில் கிடைக்கும் ஆள் நடுநிலையானவர், அவருடைய நியமனத்தை அப்புறம் குறைசொல்வது கடினம். அந்த ஒன்றுக்காகவே அலைச்சல் தகும்.

அங்கே எதிர்த்தரப்பு கிளப்பக்கூடிய ஒரு கேள்விக்கு இப்போதே தயாராகுங்கள்: இது லைசென்ஸா, வாடகையா? தலைப்பில் 'லைசென்ஸ்' என்று போட்டிருப்பதால் மட்டும் லைசென்ஸ் ஆகிவிடாது. இடம் முழுக்க உங்கள் வசம், உரிமையாளர் உள்ளே வர உங்களைக் கேட்க வேண்டும் என்றிருந்தால், அது வாடகை என்று வாதாட வழி இருக்கிறது. வாடகைச் சட்டம் தனி நீதிமன்றத்துக்கு ஒதுக்கிய தகராறுகளை ஆர்பிட்ரேஷனுக்குக் கொண்டுபோக முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. தமிழ்நாட்டிலோ 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி வாடகை நீதிமன்றங்கள் இருக்கின்றன. ஆகவே நோட்டீஸ் அனுப்பும் முன், ஷட்டர் சாவி யார் கையில் இருந்தது என்று வக்கீலிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.