ஷூமான் வீட்டுக்கு அரை நாள் சுற்றுலா: வீட்டைப் பார்க்கலாம், வழிகாட்டிதான் சரியில்லை

பிரான்சின் மெஸ் நகரத்திலிருந்து சி-ஷாசெல் கிராமத்துக்கு வேனில் அழைத்துப்போய்க் காட்டும் அரை நாள் சுற்றுலா இது. வேன் சொன்ன நேரத்துக்கு வந்தது, ஏசி வேலை செய்தது. அதைப் பற்றி அவ்வளவுதான்.

பார்க்கப் போவது ரொபேர் ஷூமான் 1963இல் இறக்கும்வரை வாழ்ந்த வீடு. இப்போது அருங்காட்சியகம். பிரான்சின் பிரதமராகவும், 1948 முதல் 1953 தொடக்கம் வரை வெளியுறவு அமைச்சராகவும் இருந்தவர் வீடு என்று யாராவது சொன்னால்தான் தெரியும். ஓய்வுபெற்ற வாத்தியார் வீடு மாதிரி இருக்கிறது. ஆடம்பரம் கிடையாது, எங்கே திரும்பினாலும் புத்தகம். மனிதர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

1950 ஏப்ரல் கடைசியில் ஒரு வார இறுதிக்கு அவர் பாரிஸிலிருந்து இங்கே ரயிலேறும்போது, உதவியாளர் பெர்னார் க்ளாப்பியே ஒரு குறிப்பைக் கையில் கொடுத்தார். எழுதியது பிரான்சின் பொருளாதாரத் திட்டக் குழுத் தலைவர் ழான் மொனேயும் அவருடைய ஆட்களும். அதை இந்த வீட்டில் படித்துவிட்டு, பாரிஸ் திரும்பியதும் ஷூமான் சரி என்றார். மே 9 அன்று அறிவித்தும் விட்டார். பிரான்ஸ், ஜெர்மனி இரண்டின் நிலக்கரியும் எஃகும் ஒரே பொது அமைப்பின்கீழ் வர வேண்டும் என்பது யோசனை. பீரங்கிக்கு வேண்டிய சரக்கே பொதுவில் இருந்தால் யாரும் தனியாகப் போருக்குத் தயாராக முடியாதே! 1951இல் ஆறு நாடுகள் இதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அதுதான் ஆரம்பம். இதை எங்கள் வழிகாட்டி நன்றாகவே சொன்னார், மொனே பெயரை மட்டும் விட்டுவிட்டு.

அப்புறம்தான் எரிச்சல். லக்சம்பர்க்கில் பிறந்து, ஜெர்மன் குடிமகனாக வளர்ந்து, முதல் உலகப் போர் முடிந்து இந்த லொரேன் பகுதி ஜெர்மனியிடமிருந்து பிரான்சுக்குக் கைமாறியபோது பிரெஞ்சுக்காரர் ஆனவர் ஷூமான். அவர் அரசியலைப் புரிந்துகொள்ள இதைவிட முக்கியமான விஷயம் இல்லை. வழிகாட்டி இதை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். 1940 ஜூலையில் பின்னால் நாஜிகளோடு ஒத்துழைத்த பிரெஞ்சுத் தலைவர் பெத்தானுக்கு முழு அதிகாரம் கொடுக்க ஷூமானும் வாக்களித்தார். அதே ஆண்டு நாஜிகளின் ரகசியப் போலீசான கெஸ்டபோ ஷூமானைப் பிடித்தது, 1942இல் தப்பித்தார். போர் முடிந்ததும் அந்த வாக்கால் அவர் அரசியல் வாழ்க்கையே முடிந்துபோக இருந்தது. இதைக் கேட்டேன். "நேரமாகிறது, தோட்டத்துக்குப் போவோம்" என்றார்.

சரி, நேரமில்லை என்றே வைத்துக்கொள்வோம். எதிரே இருக்கும் பழைய கோட்டைத் தேவாலயத்தில்தான் ஷூமானின் கல்லறை இருக்கிறது. அங்கே போனதும் எங்கிருந்தோ நேரம் வந்துவிட்டது! 2021இல் வத்திக்கான் அவரை வணக்கத்துக்குரியவர் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய ஒரு படி) என அறிவித்த கதை நீண்டுகொண்டே போனது. அவர் ஆதரித்த ஐரோப்பியப் பொதுப் படைத் திட்டத்தை 1954இல் பிரெஞ்சு நாடாளுமன்றமே கவிழ்த்ததைப் பற்றி மூச்சில்லை. 1958இல் ஐரோப்பிய நாடாளுமன்ற அவையின் முதல் தலைவரானதும் வேனில் திரும்பும்போது போகிறபோக்கில் வந்தது. புனிதரைக் காட்டக் கிளம்பியவருக்கு அரசியல்வாதி இடைஞ்சல் போல.

வீட்டுக்கு ஐந்து நட்சத்திரம், சுற்றுலாவுக்கு இரண்டு. மெஸ்ஸிலிருந்து சில கிலோமீட்டர்தான், தனியாகவே போய்வரலாம். திறக்கும் நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கிராமம் மேட்டில் இருப்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் மெதுவாக ஏறவும். சின்னப் பிள்ளைகளைத் தோட்டத்தில் விட்டுவிட்டு, பெரியவர்கள் மாறி மாறி உள்ளே போவது உத்தமம்.